அமெரிக்கப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு ஆங்கிலம்: ஒரு தாயின் அனுபவக் குறிப்புகள்

அமெரிக்காவுக்குக் குடிபெயரும் நம் குடும்பங்களில் பிள்ளையின் கணக்கைப் பற்றித்தான் முதலில் கவலைப்படுவார்கள். எந்தக் கணக்கு வகுப்பில் உட்காரவைப்பார்கள், ஒரு வருடம் பின்னால் தள்ளிவிடுவார்களோ என்றெல்லாம் விசாரிப்பார்கள். ஆங்கிலத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. "இங்கிலீஷ் மீடியத்தில்தானே படித்தாள், சமாளித்துவிடுவாள்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். எங்கள் வீட்டிலும் அதே பேச்சுதான். திருநெல்வேலியில் எட்டாம் வகுப்பு முடித்த மகளைக் கலிஃபோர்னியாவில் ஓர் அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் சேர்த்தோம். கணக்கு தன் பாட்டுக்கு ஓடியது. அந்த ஆண்டு முழுக்க எங்கள் வீட்டில் இரவு விளக்கு அணையாமல் பார்த்துக்கொண்டது ஆங்கிலம்தான்.

இத்தனைக்கும் நான் ஊரில் ஒரு மெட்ரிக் பள்ளியில் பல ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்தவள். அதனால்தான் இதை எழுதத் தோன்றியது. இரண்டு பக்கமும் வகுப்பறையின் உள்ளே என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியும்; பிள்ளை எங்கே தடுக்கி விழுகிறாள் என்பதைப் பக்கத்தில் இருந்தே பார்த்தேன்.

அங்கே ஒன்பதாம் வகுப்பு என்பது நான்காண்டு உயர்நிலைப் பள்ளியின் முதல் ஆண்டு. கலிஃபோர்னியாவில் பள்ளிப் படிப்பை முடிக்க மாநிலம் கேட்கும் குறைந்தபட்ச ஆங்கிலம் மூன்று ஆண்டுகள். கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்க வேண்டுமென்றால் நான்கு ஆண்டுகள் வேண்டும், அதுவும் ஒவ்வோர் ஆண்டும் 'சி' கிரேடுக்குக் குறையாமல். ஆகவே பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஆங்கிலம் நான்கு ஆண்டும் விடாது. முதல் ஆண்டில் பழகுகிற பழக்கம்தான் கடைசிவரை கூட வருகிறது.

சேர்க்கையின்போதே ஒரு படிவம் தருவார்கள். வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள், பிள்ளை முதலில் பேசக் கற்ற மொழி எது என்று அதில் கேட்டிருக்கும். "ஆங்கிலம் என்றே எழுதிவிடுங்கள், இல்லையென்றால் தனி வகுப்பில் போட்டுவிடுவார்கள்" என்று தெரிந்தவர்கள் எல்லோரும் அறிவுரை சொன்னார்கள். நாங்கள் தமிழ் என்றே எழுதினோம். அதன்படி எல்பாக் என்ற மொழித் தேர்வு வைத்தார்கள். பள்ளியில் சேர்ந்த 30 நாட்களுக்குள் அதை நடத்த வேண்டும் என்பது மாநில விதி. கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல் என்று நான்கு பகுதிகள். ஆங்கிலவழியில் ஒழுங்காகப் படித்த பிள்ளை அதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை; தேறிவிட்டால் வழக்கமான வகுப்புதான். தேறாவிட்டாலும் கூடுதல் உதவி கிடைக்கும். பொய் எழுதி அந்த உதவியை இழப்பதில் என்ன கெட்டிக்காரத்தனம் இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அடுத்த கேள்வி, ஹானர்ஸ் என்ற கூடுதல் கடினமான வகுப்பா, சாதாரண வகுப்பா என்பது. நம் ஆட்கள் கண்ணை மூடிக்கொண்டு ஹானர்ஸ் என்பார்கள். கலிஃபோர்னியப் பல்கலைக்கழகம் தன் ஜி.பி.ஏ. (கிரேடுகளின் சராசரிப் புள்ளி) கணக்கில் பத்தாம், பதினோராம் வகுப்புப் பாடங்களின் கிரேடுகளைத்தான் எடுத்துக்கொள்கிறது. ஒன்பதாம் வகுப்பு ஹானர்ஸுக்கு அங்கே கூடுதல் புள்ளி கிடையாது. அதற்காக ஒன்பதாம் வகுப்பு வீண் என்று அர்த்தமில்லை. மதிப்பெண் பட்டியலில் அது இருக்கும், தனியார் கல்லூரிகள் பார்க்கும். ஆனால் நாடு மாறி வந்த முதல் ஆண்டில் பிள்ளையின் தலையில் இன்னொரு மூட்டையை ஏற்ற வேண்டியதில்லை என்று நினைத்தோம். சாதாரண வகுப்பிலேயே சேர்த்தோம். அதிலேயே வேலை நிறைய இருந்தது.

முதல் வாரத்தில் ஆசிரியை ஒரு சிலபஸ் கொடுத்தனுப்பினார். சிலபஸ் என்றதும் பாடங்களின் பட்டியல் என்று நாம் நினைப்போம். இது கிட்டத்தட்ட ஓர் ஒப்பந்தம். ஆண்டு முழுக்க என்னென்ன எழுத வேண்டும், எந்த வகை வேலைக்கு எத்தனை சதவீதம், தாமதமாகக் கொடுத்தால் எவ்வளவு குறையும், எந்த வேலையைத் திருத்தி மறுபடி கொடுக்கலாம், ஆசிரியை எந்த நேரத்தில் அறையில் இருப்பார் என்று எல்லாம் அதில் இருந்தன. கீழே மாணவியும் பெற்றோரும் கையெழுத்திட வேண்டும். மகளின் வகுப்பில் கட்டுரைகளுக்கும் பெரிய செய்முறைகளுக்கும்தான் பாதி மதிப்பெண். மீதி, சிறு தேர்வுகள், வகுப்புப் பேச்சு, அன்றாட வேலை என்று பிரிந்திருந்தது. ஆண்டு இறுதித் தேர்வுக்குப் பத்தே சதவீதம். நம் ஊர்ப் பழக்கத்தில் காலாண்டு, அரையாண்டு என்று விட்டுப்பிடித்து, கடைசி ஒரு மாதம் உட்கார்ந்து எல்லாவற்றையும் மீட்டுவிடலாம். அங்கே செப்டம்பரில் தவறவிட்ட கட்டுரை மே மாதம்வரை பின்னால் வந்துகொண்டே இருக்கும். அந்தத் தாளைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைத்தோம். வருடம் முழுக்க அது அங்கேயே இருந்தது.

இன்னொரு வேறுபாடு, அரசு அச்சிட்ட ஒரே பாடநூல் என்று ஒன்று கிடையாது. மாநிலம் சொல்வது திறன்களை மட்டும்தான். 2010-இல் வந்த காமன் கோர் தர அளவைப் பல மாநிலங்கள் ஏற்றுக்கொண்டன, கலிஃபோர்னியாவும் அதில் ஒன்று. அதில் ஒன்பது, பத்து இரண்டு வகுப்புகளுக்கும் சேர்த்து எழுதியிருப்பார்கள். வாசிப்புப் பகுதியின் முதல் வரியே, ஒரு கருத்தைச் சொன்னால் அதற்குப் பனுவலிலிருந்து வலுவான, முழுமையான சான்று காட்ட வேண்டும் என்பதுதான். எந்தக் கதை, எந்த நாடகம் என்பதைப் பள்ளியும் அதை நிர்வகிக்கும் பள்ளி மாவட்டமும் முடிவு செய்கின்றன. டெக்சாஸ் போன்ற மாநிலங்கள் காமன் கோரை ஏற்கவில்லை. அங்கே தனிப் பாடத்திட்டம், போதாக்குறைக்கு ஒன்பதாம் வகுப்பு ஆங்கிலத்துக்கென்றே பட்டம் பெறத் தேற வேண்டிய மாநிலத் தேர்வும் உண்டு. ஆகவே வேறு மாநிலத்தில் இருக்கும் உறவினர் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் பள்ளியின் சிலபஸைக் கேட்டு வாங்குங்கள்.

மகளுக்கு முதல் அடி எழுத்தில் விழவில்லை, பேச்சில் விழுந்தது. சாக்ரட்டீஸ் பெயரில் ஒரு கலந்துரையாடல் முறை வைத்திருக்கிறார்கள். பாதி வகுப்பு உள்வட்டமாக உட்கார்ந்து பேசும். மீதிப் பேர் வெளிவட்டத்தில் இருந்து யார் என்ன சொன்னார்கள் என்று குறிப்பெடுப்பார்கள். ஆசிரியை வாயே திறக்க மாட்டார். இதற்கு மதிப்பெண் உண்டு. எங்கள் பிள்ளை ஆசிரியர் பெயர் சொல்லிக் கேட்டால் எழுந்து நின்று பதில் சொல்லிப் பழகியவள். யாரும் கேட்காமல் எப்படிப் பேசுவது? முதல் முறை கையைத் தூக்கிக் காத்துக்கொண்டே இருந்தாளாம். அங்கே கையைத் தூக்கும் வழக்கமே இல்லை.

இதற்கு நாங்கள் கண்ட வழி எளிமையானது. முந்தின இரவே அவள் மூன்று கேள்விகளை எழுதிக்கொண்டு போவாள். 'ஆம், இல்லை' என்று முடிந்துவிடாத கேள்விகள். கூடவே, பக்க எண்ணோடு இரண்டு மேற்கோள்கள். கலந்துரையாடல் தொடங்கிய உடனே முதல் கேள்வியைப் போட்டுவிட வேண்டும். நேரம் போகப் போக நாக்கு இன்னும் கனக்கும். பிறகு, இன்னொரு பிள்ளை சொன்னதைப் பிடித்துக்கொண்டு "நீ சொன்னது சரி, ஆனால் 42-ஆம் பக்கத்தில் வேறு மாதிரி இருக்கிறதே" என்று தொடர்ந்தால் அதற்குத் தனி மதிப்பு. மறுத்துப் பேசினால் சண்டை என்று நினைக்கிற பிள்ளைக்கு இது பழகச் சில மாதங்கள் ஆயின. பழகிய பிறகு அந்தப் பழக்கம் சாப்பாட்டு மேசைக்கும் வந்துவிட்டது என்பது வேறு கதை. என் கணவர் எதைச் சொன்னாலும் "சான்று இருக்கிறதா அப்பா?" என்பாள்.

வாசிக்கும்போதே ஓரத்தில் குறிப்பு எழுத வேண்டும் என்பதும் பாடத்தில் ஒரு பகுதி. புத்தகம் பள்ளிக்குச் சொந்தம் என்பதால் அதில் எழுத முடியாது. ஒட்டும் சிறு தாள்களில் எழுதி ஒட்டினாள். முதலில் அகராதிப் பொருளை மட்டும் எழுதினாள். ஆசிரியை அதைக் குறிப்பாகவே எடுத்துக்கொள்ளவில்லை. உனக்கு எழுந்த சந்தேகத்தை எழுது, முன்பு வந்த ஓர் இடத்தோடு இது மோதினால் அதை எழுது என்றார். வேலைப்பளு போலத் தெரியும். ஆனால் கட்டுரை எழுத உட்காரும்போது இந்தத் தாள்கள்தான் கை கொடுக்கும். அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இரண்டாம் பருவத்தில் ஷேக்ஸ்பியரின் 'ரோமியோ அண்டு ஜூலியட்'. அங்கே பல பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்பில்தான் இந்த நாடகத்தை வைக்கிறார்கள். ஜூலியட்டுக்கு இன்னும் பதினான்கு வயது நிறையவில்லை. வகுப்பில் இருக்கும் பிள்ளைகளின் வயதுதான். 1597-இல் முதலில் அச்சான நாடகம் அது. மொழி கடினம். மௌனமாக வாசித்து விளங்கிக்கொள்ள முயன்றால் தலைவலிதான் மிஞ்சும். நாங்கள் பாத்திரங்களைப் பங்கிட்டுக்கொண்டு உரக்க வாசித்தோம். நான் செவிலி, என் கணவர் சண்டைக்காரர்கள் எல்லோரும். பொதுநூலக அட்டை இருந்தால் ஒலிநூல் இலவசமாகக் கிடைக்கும். அதைக் கேட்டுக்கொண்டே வரிகளைப் பின்தொடர்ந்தால் பாதி புரிந்துவிடும். ஒரு வரியில் மெல்லிய அசை, அழுத்தமான அசை என்று ஐந்து முறை வரும். வெண்பாவை அலகிட்டுப் பழகிய காதுக்கு அதைப் பிடிப்பது பெரிய காரியம் இல்லை.

கட்டுரைத் தலைப்பு: இந்த இருவரின் சாவுக்கு யார் பொறுப்பு? மகள் எழுதிய முதல் வாக்கியம், "இரு குடும்பங்களின் பகையே இவர்களின் மரணத்துக்குக் காரணம்." நான் ஊரில் திருத்தியிருந்தால் முழு மதிப்பெண் போட்டிருப்பேன். ஆசிரியை ஓரத்தில் பென்சிலால் ஒரே ஒரு கேள்வி எழுதியிருந்தார்: "இதை யாராவது மறுப்பார்களா?"

கட்டுரையின் மையக் கருத்து என்பது மறுக்கத்தக்கதாக இருக்க வேண்டும். எல்லோரும் ஒப்புக்கொள்வதை எழுதினால் அது கருத்து ஆகாது, கதைச்சுருக்கம் ஆகிவிடும். இந்த ஒன்றைப் பிள்ளைக்குப் புரியவைக்கத்தான் அந்த ஆண்டில் அதிக நேரம் செலவானது. நான் பதிலைச் சொல்லவில்லை; ஒட்டிய தாள்களை எல்லாம் மேசையில் பரப்பச் சொன்னேன். அதில் ஒன்றில் அவளே எழுதியிருந்தாள்: "புதன்கிழமை சீக்கிரம் என்றாரே?"

விஷயம் இதுதான். ஜூலியட் ரகசியமாக ரோமியோவை மணந்துவிட்டாள். அது தெரியாமல், மூன்றாம் அங்கம் நான்காம் காட்சியில் அவள் அப்பா காப்புலெட் வேறொருவரோடு அவள் திருமணத்துக்கு நாள் குறிக்கிறார். புதன்கிழமை ரொம்பச் சீக்கிரம், வியாழக்கிழமை வைத்துக்கொள்வோம் என்கிறார். நான்காம் அங்கம் இரண்டாம் காட்சியில் ஜூலியட் வந்து மன்னிப்புக் கேட்பது போல் நடித்ததும் மனம் குளிர்ந்து, நாளை காலையிலேயே முடித்துவிடுவோம் என்று அதே புதன்கிழமைக்கு மாற்றிவிடுகிறார். அதனால் அந்தத் திருமணத்திலிருந்து தப்பிக்க, செத்தவள் போல் கிடக்கவைக்கும் மயக்க மருந்தை அவள் ஒரு நாள் முன்னதாகவே குடிக்க நேர்கிறது. இது நடிப்புதான் என்ற செய்தி ரோமியோவுக்குப் போய்ச் சேர இருந்த அவகாசத்தில் ஒரு நாள் காணாமல் போகிறது.

மகளின் புதிய மையக் கருத்து: "பகை இவர்களைப் பிரித்தது; ஆனால் தானே 'சீக்கிரம்' என்று சொன்ன நாளுக்குத் திருமணத்தை மாற்றிய காப்புலெட்டின் அவசரம்தான் இவர்களைக் கொன்றது." இதை மறுக்கலாம். வகுப்பில் மறுத்தார்கள் என்றும் சொன்னாள். கடிதம் கொண்டுபோன துறவியைக் கொள்ளைநோய்ச் சந்தேகத்தில் ஒரு வீட்டில் அடைத்துவைத்துவிட்டார்கள், இன்னொரு நாள் இருந்திருந்தாலும் கடிதம் போயிருக்காது என்று ஒரு பையன் வாதாடியிருக்கிறான். நல்ல வாதம். அதை எடுத்து அப்படியே ஒரு பத்தியில் வைத்து, அதற்கும் பதில் எழுதினாள். எதிர்வாதத்தைத் தானே முன்வைத்துப் பதில் சொல்வது ஒன்பது, பத்தாம் வகுப்பு எழுத்தில் எதிர்பார்க்கப்படும் திறன்தான். பட்டிமன்றம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பத்தி எழுதுவதற்கும் ஒரு கட்டமைப்பு உண்டு. முதலில் கூற்று, அடுத்து மேற்கோள், பிறகு விளக்கம். ஒரு மேற்கோளுக்குக் குறைந்தது இரண்டு வாக்கிய விளக்கம் வேண்டும் என்பது இந்த ஆசிரியையின் கணக்கு. மகள் மேற்கோளைப் போட்டுவிட்டு, "இதிலிருந்து அவர் அவசரப்பட்டது தெரிகிறது" என்று முடித்திருந்தாள். அருகில் "அதனால் என்ன?" என்ற கேள்வி. மறுவரைவில் அந்த இடம் இப்படி மாறியது: அவர் நாளை மாற்றியது கோபத்தில் இல்லை, மகிழ்ச்சியில், மகள் பணிந்துவிட்டாள் என்ற மகிழ்ச்சி அவரை அவள் முகத்தைக்கூடப் பார்க்கவிடவில்லை. நடையில் தடுமாற்றம் இருந்தது. ஆனால் பதினான்கு வயதுப் பிள்ளை தானாக யோசித்த வாக்கியம் அது. ஊரில் நான் திருத்திய எத்தனையோ கட்டுத் தாள்களில் அப்படி ஒரு வாக்கியத்தைப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை. நாங்கள் கேட்கவே இல்லை.

இந்த இடத்தில் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. நமக்கு ஆங்கிலம் தெரியும் என்றால் உடனே கை பேனாவைத் தேடும். காற்புள்ளி போடுவோம், நல்ல சொல்லாக மாற்றுவோம், கடைசியில் கட்டுரை நம்முடையதாகிவிடும். நான் எழுதுகோலைத் தொடுவதில்லை என்று முடிவு செய்துகொண்டு மூன்று கேள்விகளை மட்டும் கேட்டேன். "நீ என்ன சொல்கிறாய்? எதை வைத்துச் சொல்கிறாய்? அதனால் என்ன?" ஆங்கிலம் சுத்தமாகத் தெரியாத அப்பாவோ ஆச்சியோகூட இதைத் தமிழிலேயே கேட்கலாம். பிள்ளை தமிழில் விளக்கிவிட்டுப் போய் ஆங்கிலத்தில் எழுதட்டும். எங்கள் வீட்டில் பல வாதங்கள் தமிழில்தான் உருவாயின.

வடிவ விதிகள் சிலவற்றை மட்டும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் அநியாயமாக மதிப்பெண் போகும். கட்டுரைகளை எம்.எல்.ஏ. வடிவத்தில் கேட்பார்கள். சட்டமன்றத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நவீன மொழிச் சங்கம் என்ற அமைப்பின் விதிமுறை இது. நான்கு பக்கமும் ஓர் அங்குல ஓரம், 12 புள்ளி எழுத்து, முழுக்க இரட்டை இடைவெளி. இடது மேல் மூலையில் மாணவர் பெயர், ஆசிரியர் பெயர், பாடம், தேதி. தேதியை நாள், மாதம், ஆண்டு என்று நம் வரிசையிலேயே எழுத வேண்டும் என்பதில் எனக்கு அற்ப சந்தோஷம். வலது மேல் மூலையில் குடும்பப் பெயரும் பக்க எண்ணும். நமக்கு ஏது குடும்பப் பெயர்? கடவுச்சீட்டில் அப்பா பெயர்தான் அந்த இடத்தில் இருக்கிறது. ஆகவே மகள் எழுதிய கட்டுரைகளின் ஒவ்வொரு பக்கத்திலும் என் கணவர் பெயர் ஜொலிக்கிறது. நாடகத்தை மேற்கோள் காட்டினால் பக்க எண்ணுக்குப் பதில் அங்கம், காட்சி, வரி எண்களைப் புள்ளியிட்டு அடைப்புக்குறிக்குள் தர வேண்டும். முற்றுப்புள்ளி அடைப்புக்குறிக்குப் பிறகுதான் வரும். கடைசிப் பக்கத்தில் நூற்பட்டியல். ஒவ்வொரு பதிவிலும் இரண்டாவது வரி முதல் அரை அங்குலம் உள்ளே தள்ளியிருக்க வேண்டும். ஒருமுறை ஒழுங்காக ஒரு மாதிரிக் கோப்பு செய்துவைத்துக்கொண்டால் வருடம் முழுக்க அதன்மேலேயே எழுதலாம். பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டலைப் பற்றிக் கேட்டதற்கு, எதையாவது ஒன்றை ஒரே சீராகப் பின்பற்று, போதும் என்றார் ஆசிரியை. எல்லோரும் அப்படிச் சொல்வார்கள் என்று நினைக்க வேண்டாம், கேட்டுக்கொள்வது நல்லது.

திருட்டு எழுத்து விஷயத்தில்தான் நம் பிள்ளைகளுக்கு உண்மையான ஆபத்து. நல்ல வரிகளை நோட்ஸிலிருந்து மனப்பாடம் செய்து தாளில் இறக்குவதை நாம் திறமை என்று மெச்சியிருக்கிறோம். அங்கே அதே செயல் ஒழுங்கு நடவடிக்கை வரை போகும். சொற்களை மாற்றி எழுதினாலும் கருத்து இன்னொருவருடையது என்றால் பெயர் குறிப்பிட வேண்டும் என்பதைப் பிள்ளையிடம் முதல் வாரமே உட்காரவைத்துச் சொல்லிவிடுங்கள். கட்டுரையை ஒப்பிட்டுப் பார்க்கும் மென்பொருள் ஒரு சதவீதத்தைக் காட்டும். முறையாகக் காட்டிய மேற்கோளையும் அது சேர்த்தே எண்ணக்கூடும் என்பதால் அந்த எண்ணைக் கண்டு பதறத் தேவையில்லை. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு ஆசிரியர்களுக்குச் சந்தேகம் கூடிவிட்டது. முக்கியமான கட்டுரைகளில் ஒரு பகுதியை வகுப்பிலேயே கையால் எழுதச் சொல்கிறார்கள். வீட்டில் எழுதுவதைத் தொடக்கம் முதலே கூகுள் டாக்ஸில் எழுதச் சொல்லுங்கள். எந்த நேரத்தில் எந்த வரி எழுதப்பட்டது, எது அழிக்கப்பட்டது என்ற வரலாறு அதில் பதிவாகிறது. மகளின் வகுப்பில் ஒருமுறை எல்லோரிடமும் அதைக் காட்டச் சொன்னார்கள். வேறிடத்தில் எழுதிக் கடைசியில் ஒட்டியிருந்த ஒரு பிள்ளை, தானே எழுதியது என்று நிரூபிக்கப் பட்ட பாடு கொஞ்சமல்ல.

ஆசிரியருக்கு மின்னஞ்சல் எழுதுவதும் பிள்ளையின் வேலை. பெற்றோர் எழுதினால் பதில் வரும். ஆனால் "இதை உங்கள் மகளே என்னிடம் கேட்கலாமே" என்பதும் அதில் மென்மையாக இருக்கும். மகளின் முதல் மின்னஞ்சல், விடுப்பு விண்ணப்பம் போல, 'மதிப்பிற்குரிய மேடம்' என்று தொடங்கி 'தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவி' என்று முடிந்தது. இரண்டையும் எடுத்துவிட்டோம். 'மிஸ்' என்று குடும்பப் பெயர் சேர்த்து விளித்து, எந்தப் பிரிவு வகுப்பு, என்ன சந்தேகம், எப்போது நேரில் வரலாம் என்று நான்கு வரி. கட்டுரையில் குறைந்த மதிப்பெண் வந்தபோது "ஏன் குறைத்தீர்கள்?" என்று கேட்காமல், ரூப்ரிக்கைக் கையில் வைத்துக்கொண்டு "விளக்கம் என்ற வரியில் எனக்கு இரண்டு போட்டிருக்கிறீர்கள், மூன்றாக்க என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்கப் பழகினாள். ரூப்ரிக் என்பது எந்தத் திறனுக்கு எத்தனை புள்ளி என்று கட்டம் போட்டுக் காட்டும் தாள். அதை எழுதி முடித்த பிறகு பார்ப்பவர்கள்தான் அதிகம். எழுதத் தொடங்கும் முன் பார்த்தால் பாதி வேலை குறையும். அந்தச் சந்திப்புக்குப் பிறகு திருத்தி எழுதிக் கொடுக்க ஒரு வாய்ப்பும் கிடைத்தது.

மதிப்பெண் தெரியும் இணைய வாசலைப் பற்றி எனக்குக் கடுமையான அபிப்பிராயம் உண்டு. பெற்றோருக்கும் கடவுச்சொல் தருகிறார்கள். ஒரு வேலை பதிவேறாமல் இருந்தால் அது பூஜ்ஜியமாகக் கணக்காகி, கிரேடு ஒரே இரவில் 'ஏ'யிலிருந்து 'சி'க்கு விழும். ஆசிரியை திருத்திப் போட்டதும் தானாக ஏறிவிடும். இதை மணிக்கொரு முறை பார்த்துவிட்டு, பள்ளியில் இருக்கும் பிள்ளைக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் அம்மாக்களை எனக்குத் தெரியும். வாரம் ஒருமுறை, பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவளையே திறக்கச் சொல்லிப் பார்த்தால் போதும்.

எல்லாமே அங்கே உயர்வு என்று சொல்ல மாட்டேன். இலக்கணத்தை ஒழுங்காக நடத்துவதில்லை. வினையையும் எழுவாயையும் பொருத்தத் தெரியாத பிள்ளைகள் வகுப்பில் நிறையப் பேர். நம் பிள்ளைகள் இதில் பல படி மேலே. கிரேக்க, இலத்தீன் வேர்ச்சொல் பட்டியலுக்கு வாராவாரம் சிறு தேர்வு உண்டு, அது மனப்பாடம் செய்யத் தெரிந்தவளுக்கு வெல்லக்கட்டி. கவிதையை மனனம் செய்யும் வழக்கமே கிட்டத்தட்ட இல்லை, அது எனக்கு வருத்தம்.

அந்த ஆண்டின் நல்ல எழுத்து என்று நான் நினைப்பது தன்வாழ்வுக் கட்டுரை. 'நாடு மாறி வந்த என் பயணம்' என்று பெரிதாக ஒன்றை எழுதிக்கொண்டு போனாள். ஆசிரியை, ஐந்து நிமிடத்தில் நடந்து முடிந்த ஒன்றை எழுதிக்கொண்டு வா என்று திருப்பி அனுப்பிவிட்டார். யோசித்து யோசித்து, ஆச்சியின் வீடியோ அழைப்பை எழுதினாள். ஆச்சிக்குக் கைப்பேசியை எப்படிப் பிடிப்பது என்று தெரியாது. திரையில் நெற்றியின் திருநீறும் மேலே சுற்றும் மின்விசிறியும்தான் தெரியும். "சாப்பிட்டியா" என்ற குரல் மட்டும் எங்கிருந்தோ வரும். அந்தச் சொல்லை ஆங்கிலத்தில் மாற்ற வேண்டுமா என்று கேட்டிருக்கிறாள். அப்படியே விடு, விளக்காதே, வாசிப்பவர்கள் புரிந்துகொள்வார்கள் என்றாராம் ஆசிரியை. இந்த வகைக் கட்டுரையை அலட்சியமாக விட வேண்டாம். பன்னிரண்டாம் வகுப்பில் கல்லூரி விண்ணப்பத்துக்கு எழுதும் கட்டுரை கிட்டத்தட்ட இதே வகைதான்.

வசந்த காலம் தொடங்கும் முன்பே பத்தாம் வகுப்புக்கான பாடத் தேர்வுப் படிவம் வந்துவிடும். எங்கள் பள்ளியில் ஹானர்ஸுக்கு மாற ஆசிரியையின் பரிந்துரை வேண்டும். அதற்கு அவர் பார்ப்பது மதிப்பெண்ணோடு, எத்தனை முறை திருத்தி எழுதினாள் என்பதையும்தான். மகள் பத்தாம் வகுப்புக்கு ஹானர்ஸ் கேட்டாள், கிடைத்தது. உடனே கோடை வாசிப்புப் பட்டியலும் கையில் வந்தது. பள்ளி தொடங்கும் முதல் வாரத்திலேயே அதிலிருந்து வகுப்புக் கட்டுரை இருக்கும் என்பதால், ஊருக்குப் போகும் பெட்டியில் அந்தப் புத்தகத்தையும் ஒட்டும் தாள்களையும் முதலிலேயே வைத்துவிடுங்கள். விமானத்தில் வாசித்துக்கொள்ளலாம், ஆச்சி வீட்டுக்குப் போன பிறகு ஒரு பக்கம்கூட நகராது.